மைக்ரோசாஃப்ட் எழுதுன கோடு லினக்ஸ்ல எதுக்கு?

கேள்வி: 2001ல லினக்ஸ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை (கோடை யார் வேணாலும் பாத்து மாத்திக்கலாம்) கேன்சர்னு திட்டுனது மைக்ரோசாஃப்ட்டோட அப்போதைய சிஇஓ ஸ்டீவ் பால்மர். இப்போ அதே கம்பெனி லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்கு கோடு எழுதித் தருது, கூகுள், இன்டெல், ஐபிஎம்னு எல்லாரும் உள்ள இருக்காங்க. மெல்ல உள்ள பூந்து கைப்பத்துற வேலையா இது சார்? (வாசகர், கோவை)

பதில்: சந்தேகப்படுறது சரிதாங்க, ஆனா சந்தேகப்பட வேண்டிய இடம் வேற. 2009ல மைக்ரோசாஃப்ட் தங்களோட ஹைப்பர்-வி (ஒரே சர்வர்ல பல சிஸ்டம் ஓட்டுற சாஃப்ட்வேர்) டிரைவரை, சுமார் 20,000 வரி, ஜிபிஎல் லைசென்ஸ்ல (கோடை எல்லாரும் பாக்கலாம், மாத்தலாம், அதே நிபந்தனையோட பகிரலாம்ங்கிற உரிமம்) குடுத்தாங்க. பாசத்துல இல்ல, அவங்க சர்வர்ல லினக்ஸும் ஒழுங்கா ஓடுனாத்தான் அவங்களுக்கு வியாபாரம். குடுத்த கோடை இனி திரும்ப எடுத்துக்க முடியாது, அதை எல்லாரும் படிச்சுப் பாக்கலாம். அதைவிட முக்கியம், கெர்னல்ல எழுதுனவங்க காப்பிரைட் எழுதுனவங்ககிட்டயே (இல்ல அவங்க கம்பெனிகிட்ட) இருக்கு, அது ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சிதறிக் கிடக்குறதால லினக்ஸை உருவாக்குன லைனஸ் டோர்வால்ட்ஸே நினைச்சாலும் தனியா லைசென்ஸை மாத்த முடியாது.

சோலாரிஸ் கதை இதுக்கு நேர் எதிர். சன் கம்பெனி தன்னோட சோலாரிஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை 2005ல ஓப்பன்சோலாரிஸ்னு திறந்து விட்டாங்க, ஆனா வெளியாள் கோடு குடுக்கணும்னா காப்பிரைட்ல சன்னுக்கும் பங்கு எழுதிக் குடுக்கணும். 2010 ஜனவரில ஆரக்கிள் சன்னை வாங்குச்சு, ஆகஸ்ட்லயே கதவைச் சாத்திட்டாங்க. ஏற்கனவே வெளிய வந்த கோடை வச்சு இல்லூமோஸ்னு சிலர் இன்னிக்கும் ஓட்டுறாங்க, ஆனா அதுக்கப்புறம் சோலாரிஸ் கெர்னல்ல ஆரக்கிள் எழுதுனது அவங்க கைக்கு வரல.

என்னை நெஜமாவே கோபப்படுத்துனது சென்ட்ஓஎஸ் தான், ரெட் ஹேட் கம்பெனி காசுக்கு விக்கிற லினக்ஸோட இலவச நகல் அது. காசு குடுத்து ரெட் ஹேட் வாங்க முடியாத எத்தனையோ காலேஜு, சின்ன கம்பெனி எல்லாம் அதை நம்பி சர்வர் வச்சிருந்தாங்க. 2014ல ரெட் ஹேட் அந்த ப்ராஜெக்டை தன் கைக்குள்ள கொண்டு வந்துச்சு, 2019ல ஐபிஎம் 34 பில்லியன் டாலருக்கு ரெட் ஹேட்டையே வாங்கிருச்சு, 2020 டிசம்பர்ல வந்து சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரைக்கும் வரும்னு எல்லாரும் நம்பியிருந்த அப்டேட் 2021 கடைசியோட சரின்னு சொல்லிட்டாங்க. யாரும் ஒரு வரி கோடைத் திருடல, பேரும் ரிலீஸ் தேதியும் ஒரே ஆள் கையில இருந்துச்சு, அவ்ளோதான். அப்புறம் வேற ஆளுங்க ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ்னு ஆரம்பிச்சது கோடு திறந்திருந்ததால தான்.

ஆண்ட்ராய்டும் இப்படித்தான், அடிப்பகுதி ஓப்பன், ஆனா பல ஆப் ஓடணும்னா ப்ளே சர்வீசஸ் வேணும், அது கூகுளோட பூட்டுன கோடு.

கேள்வி: அப்போ கம்பெனியே வேண்டாம், தன்னார்வலர்கள் மட்டும் செய்யட்டுமே? (அதே வாசகர்)

பதில்: 2024 மார்ச்ல எக்ஸ்இசட்னு ஃபைலைச் சுருக்குற ஒரு கம்ப்ரஷன் லைப்ரரில பின்கதவு (திருட்டுத்தனமா உள்ள நுழைய ஒளிச்சு வச்ச வழி) வச்சது தெரிய வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதை வச்ச ஆள் எந்தக் கம்பெனி பேர்லயும் வரல, உதவி பண்ற தன்னார்வலரா வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல நம்பிக்கையைச் சம்பாதிச்சான், ஏன்னா அந்த லைப்ரரியை ஒத்த ஆளு சம்பளம் இல்லாம, களைச்சுப் போய் பாத்துக்கிட்டு இருந்தாரு. எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு தோண்டிப் பாத்துக் கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், அவர் வேலை பாக்குறது மைக்ரோசாஃப்ட்ல. சம்பளம் குடுத்து ஆள் வைக்கிறவங்க வேணும் சார், கெர்னலுக்கு வர்ற வேலைல பெரும்பகுதி அப்படி வர்றது தான்.

அதனால கோடு யார் எழுதுனாங்கன்னு பாக்குறதை விட, காப்பிரைட்டை ஒரே கம்பெனிக்கு எழுதித் தரச் சொல்றாங்களா, பேரும் ட்ரேட்மார்க்கும் யார்கிட்ட இருக்கு, அப்டேட்டை நிறுத்துற அதிகாரம் யாருக்குன்னு பாருங்க. புதுசா சர்வர் போடப் போறீங்கன்னா நான் டெபியன்ங்கிற லினக்ஸைத் தான் சொல்வேன், அதுல கம்பெனி ஆளுங்க நிறைய பேர் வேலை செய்றாங்க, ஆனா தலைவரை டெவலப்பர்கள் வருஷா வருஷம் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க.