பழைய இத்தாலியச் சைக்கிளுக்கு மட்கார்ட்: அளவு முதலில், நிறம் பிறகு

கேள்வி: அண்ணன், நான் தலவாக்கலையில் இருந்து லிந்துலைப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வருகிறேன். இத்தாலியில் வேலை செய்யும் அக்கா ஒரு பழைய பியான்கி ரேஸ் சைக்கிள் கொண்டுவந்து தந்தார். எழுபதுகளில் செய்தது என்கிறார்கள். அந்தப் பச்சை கலந்த வான நீல நிறம்தான். மழை பெய்தால் முதுகு முழுக்கச் சேறு, அப்படியே வகுப்புக்குள் போக முடியாது. கடையில் 28 அங்குல மட்கார்ட் வாங்கிப் பூட்டப் பார்த்தேன், பிரேக்குக்குக் கீழே நுழையவே இல்லை. மட்கார்ட் கம்பி பூட்டுவதற்குப் போர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையில்) ஓட்டையும் கிடையாது. கராஜில் ஒரு காது வெல்டிங் பண்ணித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? சைக்கிளின் அதே நிறத்தில் மட்கார்டுக்கும் பெயின்ட் அடிக்க முடியுமா?

பதில்: சேர், கராஜுக்குச் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் காலத்து நல்ல இத்தாலிய பிரேம்களில் பெரும்பாலும் கொலம்பஸ் என்ற கம்பனியின் மெல்லிய உருக்குக் குழாய் இருக்கும். இருக்கைக் குழாயிலோ போர்க்கிலோ சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாருங்கள். கொலம்பஸ் எஸ்.எல். என்றால் குழாயின் சுவர் முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. தான். கேற்றும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிற கரண்ட் வெல்டிங்கை அதில் வைத்தால் ஓட்டை விழும். ஓட்டை விழாமல் தப்பினாலும், சூடுபட்ட இடம் பலமிழந்து பிறகு ஒருநாள் வெடிக்கும். அது போர்க்காக இருந்து, நீங்கள் நானுஓயாவில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் இதே பேச்சுத்தான். அந்த பிரேமை லக் (குழாய்கள் சேரும் இடத்து உறை) வைத்துப் பித்தளையோ வெள்ளியோ உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அந்த வேலை தெரிந்தவர் மட்டுமே அதில் சூடு காட்டலாம். ட்ரில் போடுவதும் வேண்டாம். கழற்றினால் பழையபடி ஆகிவிட வேண்டும், அதற்கு மேல் அந்த பிரேமில் எதுவும் செய்யக்கூடாது.

கடை மட்கார்ட் ஏன் நுழையவில்லை? 28 என்ற எண்தான் உங்களை ஏமாற்றியது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 x 1½ டயர் உட்காருகிற ரிம் விட்டம் 635 மி.மீ. ரேஸ் சைக்கிளின் 700சி ரிம்மையும் 28 என்றே சொல்வார்கள், ஆனால் அதற்கு 622. பழைய 27 அங்குல ரிம் ஒன்றும் உண்டு, அதற்கு 630. பெயரில் சிறிய 27 அளவில் 700சி-யை விடப் பெரியது. அங்குலக் கணக்கை மறந்துவிட்டு டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 25-622 என்று இருந்தால் டயர் அகலம் 25, ரிம் 622. ரிம்மில் பசையால் ஒட்டுகிற டயர் என்றால் இந்த எண் இருக்காது, ஆனால் சக்கரத்தின் பருமன் 700சி-யோடு ஒத்திருக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 டயரோடு உங்கள் சக்கரத்தின் நடுவில் இருந்து மேல் விளிம்புவரை 336 மி.மீ. பெரிய சைக்கிளில் 40 டயரோடு அது ஏறக்குறைய 357. கடை மட்கார்டின் வளைவு உங்களுக்குத் தேவையானதை விட 2 செ.மீ. பெரிது. அகலமும் அப்படியே. அதை நசுக்கி உள்ளே தள்ளலாம்தான். ஆனால் நசுக்கிய தகரம் ஓரிடத்தில் டயரைத் தொடும், இன்னோரிடத்தில் விலகி நிற்கும்.

ஆகவே வாங்கும் முன் அளக்க வேண்டும். டயரில் முழுக் காற்று அடித்து, முன்பிரேக்கின் அடிப்பகுதிக்கும் டயரின் உச்சிக்கும் இடையில் எத்தனை மி.மீ. என்று பாருங்கள். பின்பிரேக்கிலும் அப்படியே. பிறகு கிராங்கின் (பெடல் பூட்டும் கையின்) பின்னால், பின்சக்கரத்தின் இருபுறமும் போகும் இரண்டு குழாய்களையும் இணைக்கிற குறுக்குத் துண்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி. இந்த மூன்றில் மிகக் குறைந்ததுதான் உங்கள் விதி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மி.மீ. வேண்டும், தகடு, ஆணித்தலை எல்லாம் சேர்த்தால் 15 கிடைக்க வேண்டும். 12-க்குக் குறைந்தால் முழு மட்கார்ட் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? நம் ரோடு அப்படி. மழைக்குப் பிறகு யூகலிப்டஸ் பட்டையும் சுள்ளியும் ரோடெங்கும் கிடக்கும். ஒரு சுள்ளி முன்சக்கரத்தில் ஏறி மட்கார்டுக்குள் சிக்கினால், அது மட்கார்டை முன்னே இழுத்துச் சுருட்டிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஆள் ஹேண்டிலுக்கு மேலால் போவார். முன் மட்கார்டின் கம்பிகள் அழுத்தம் வந்தால் தானாகக் கழன்றுவிடும் பிளாஸ்டிக் பூட்டோடு விற்கப்படுவது இதற்காகத்தான். வாங்கும்போது அந்தப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இடைவெளி போதாவிட்டால் பிரேக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பிரேக் ஆணி எந்த உயரத்தில் உட்காருகிறது என்பதைத் தீர்மானிப்பது பிரேம். நீளக் கை பிரேக் போட்டாலும் ஆணி அதே இடத்தில்தான் இருக்கும். ஒரு வழி மட்டும் உண்டு: உங்கள் சக்கரம் 27 அங்குலம், அதாவது 630 என்றால், 622 சக்கரத்துக்கு மாறும்போது 4 மி.மீ. இடம் கூடும். பிரேக் கட்டையை அந்த 4 மி.மீ. கீழே இறக்க இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், மட்கார்டைப் போர்க் தலைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு துண்டாக வெட்டி, தனித்தனிச் சின்னத் தகட்டில் பூட்டலாம். பிரேக்குக்குக் கீழே தகடே வராது. டயரை 23-க்குக் குறைத்து இடம் எடுக்க வேண்டாம், நம் குழிகளுக்கு அது ஆகாது.

இடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 25 டயருக்கு 35 மி.மீ. அகல மட்கார்ட் அளவாக இருக்கும். 28 வரைக்கும் அது தாங்கும். 45 மி.மீ. மட்கார்ட் அதற்கு மேற்பட்ட டயருக்கானது, ரேஸ் போர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில் அது உரசும்.

ஓட்டையில்லாத போர்க்குக்கு, மோட்டார் ஸ்பெயார்ஸ் கடையில் கிடைக்கும் இறப்பர் சுற்றிய வளையக் கிளிப் போதும். வாகனங்களில் வயரையும் குழாயையும் பிடித்துவைக்கிற கிளிப்தான் அது. போர்க் கால் கீழே போகப்போக மெலியும் என்பதால், கிளிப் வைக்கும் இடத்தின் சுற்றளவை நூல் வைத்து அளந்துகொண்டு போங்கள். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி அதற்கு மேல் பூட்டினால் பெயின்டும் போகாது, கிளிப்பும் வழுக்காது. நட்டு நைலோன் வளையம் வைத்ததாக இருக்கட்டும். மட்கார்டின் மேல் பிடி பிரேக் ஆணியிலேயே தொங்கும். அந்த நட்டைக் கழற்றிப் பூட்டிய பிறகு, பிரேக் ஆடாமல் இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள்.

இனி அழகு. அதே நிறம் என்று கேட்டீர்கள். என் கண்ணுக்கு ஒரு சைக்கிளில் மட்கார்ட் பொருந்தி நிற்பது அதன் கோட்டால். டயரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஒரே இடைவெளி, சக்கரத்தோடு சேர்ந்தே பிறந்தது போல ஒரே வட்டம். அது அமைந்துவிட்டால் எந்த நிறமும் எடுபடும். அமையாவிட்டால் அதே நிறம் அடித்தாலும் கண் குறையைத்தான் பார்க்கும்.

அந்தக் கோட்டை எடுக்க எளிய வழி இருக்கிறது. பெட்டி அட்டையை மடித்து 10 மி.மீ. தடிப்பாக்கி, டயரில் நாலைந்து இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அதன்மேல் மட்கார்டை உட்காரவைத்து, எல்லா நட்டையும் தொளதொளவென்று பூட்டி, கடைசியில் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். துளை பொருந்தவில்லை என்றால் மட்கார்டை இழுத்துப் பூட்டாதீர்கள். கழற்றி, கையால் மெதுவாக வளைத்து, தானாகவே அந்த இடத்தில் வந்து நிற்கும்படி செய்யுங்கள். தொடக்க காலத்தில் ஒருவருடைய அலுமினிய மட்கார்டை அவசரத்தில் இழுத்து இறுக்கிக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பிரேக் பக்கத் துளையில் இருந்து விளிம்புவரை வெடித்துவிட்டது. அலுமினியம் அதிர்வைத் தாங்கும், இழுவையையும் அதிர்வையும் சேர்த்துத் தாங்காது. துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, தகட்டுக்கும் பிரேமுக்கும் நடுவில் தோல் வாஷர் வையுங்கள். பழைய செருப்புத் தோலில் வெட்டினாலே போதும்.

நிறத்துக்கு வருகிறேன். பியான்கியின் அந்த நிறத்துக்குச் செலெஸ்தே என்று பெயர். கம்பனி 1885-இல் மிலானில் தொடங்கியது. அந்த நிறமும் மிகப் பழையது, ஆனால் காலத்துக்குக் காலம் சாயல் மாறிவந்திருக்கிறது: ஒரு காலத்தில் பச்சை கூட, இன்னொரு காலத்தில் நீலம் கூட. அதோடு உங்கள் பிரேம் பல வருட வெயிலையும் பார்த்திருக்கும். ஆகவே இன்றைய செலெஸ்தே பெயின்ட் என்று எதையும் வாங்கி அடித்தால் பொருந்தாது. வாகனப் பெயின்ட் கலந்து தரும் கடைக்கு சைக்கிளையே கொண்டுபோங்கள். போனில் எடுத்த படம் நிறத்தைப் பொய்யாகக் காட்டும். வெயில் பட்ட பகுதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கிளிப்புக்குக் கீழே மறைந்திருக்கும் புது நிறத்தோடு ஒப்பிட்டால் மட்கார்ட் பளிச்சென்று தனியாகத் தெரியும். கடையின் டியூப் வெளிச்சத்தில் முடிவு செய்யாமல் வெளியே வந்து பகலில் பாருங்கள்.

அலுமினியத்தில் பெயின்ட் சும்மா ஒட்டாது. 400 எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய் போகக் கழுவி, அலுமினியத்துக்கென்று உள்ள எச் பிரைமர் அடித்த பிறகுதான் நிறம். உட்புறத்துக்கு நிறம் வேண்டாம். கல் அடித்து உதிரும். வாகனத்தின் அடியில் பூசும் கறுப்புப் பூச்சை மெல்லியதாக அடியுங்கள், சத்தமும் குறையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் விருப்பத்தையும் சொல்கிறேன்: பெயின்டே அடிக்காதீர்கள். உங்கள் ரிம், பிரேக், கிராங்க் எல்லாம் வெள்ளி நிற அலுமினியமாகத்தான் இருக்கும். மெருகேற்றிய அலுமினிய மட்கார்ட் அவற்றோடு சேர்ந்து நிற்கும், செலெஸ்தே நடுவில் தனியாக மின்னும். கீறல் விழுந்தால் மெருகுப் பசையால் தேய்த்தால் போதும். பெயின்ட் கீறல் அப்படிப் போகாது.

பூட்டி முடித்ததும் சைக்கிளில் ஏறி நின்று பெடலை முன்னுக்கு வைத்து ஹேண்டிலைத் திருப்புங்கள். ரேஸ் பிரேமில் முன்சக்கரம் காலுக்குக் கிட்ட இருக்கும், மட்கார்ட் அதை இன்னும் கிட்டக் கொண்டுவரும். சப்பாத்து நுனி தொட்டால், மெதுவாக ஏறும் கொண்டை ஊசி வளைவில் சைக்கிளோடு சாய்ந்துவிடுவீர்கள். தொடுகிற அளவுக்குப் பின்முனை தாழ்ந்திருந்தால் தகட்டைக் குட்டையாக வெட்டி, மீதிக்குப் பழைய டியூபில் ஒரு நாக்கு வெட்டித் தொங்கவிடுங்கள். இறப்பர் மடங்கிக் கொடுக்கும். அந்த நாக்கு நிலத்தில் இருந்து நாலு விரல் உயரம்வரை இறங்கட்டும். முன்சக்கரம் வீசுகிற சேறு சப்பாத்திலும் கிராங்க் அச்சுக் கூட்டிலும்தான் போய் விழுகிறது. அந்தக் கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருந்தால் அதைக் கம்பியால் குத்தித் திறந்துவையுங்கள். பழைய குழாய்கள் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கின்றன.

கடைசியாகப் பின்சக்கரம். பழைய இத்தாலிய பிரேம்களில் அச்சு உட்காரும் காது நீளமாக, முன்பக்கம் திறந்திருக்கும். சக்கரத்தைக் கழற்ற அதை முன்னுக்குத் தள்ள வேண்டும், அங்கே இப்போது மட்கார்ட் இருக்கும். குறுக்குத் துண்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கட்டை வைத்து இடைவெளியை ஒழுங்காக்கினால் பார்வைக்கு அழகு, ஆனால் பஞ்சரான அன்று சக்கரம் வெளியே வராது. அந்த ஓர் இடத்தில் மட்டும் அழகை விட்டுக்கொடுத்து 15 மி.மீ. விடுங்கள். காற்றை இறக்கினால் டயர் நசுங்கி வெளியே வரும். மே மாதத்தில் தென்மேற்கு மழை உங்கள் பக்கம் இறங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்துப் பின்சக்கரத்தை ஒருதரம் கழற்றிப் பூட்டிப் பழகிக்கொள்ளுங்கள். நனைந்த முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் எல்லா நட்டையும் இன்னொரு தரம் இறுக்குங்கள். தோல் வாஷர் நனைந்து அமர்ந்திருக்கும்.