சேர்க்கை சரியில்லையா?

கேள்வி: என் மகன் வடக்கு டெல்லியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கியிருக்கிறான். பள்ளியில் படித்தவரை மிருதங்கம், பாடம், வீடு என்று இருந்த பையன். இப்போது வகுப்பில் ப்ராக்ஸி (ஆள்மாறாட்ட வருகை) போடுகிறான், பையில் வேப் (இ-சிகரெட்) இருந்தது, இரண்டு முறை குடித்ததும் தெரியவந்தது. 'சேர்க்கை சரியில்லை, வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வா' என்கிறார் மாமியார். இங்கிருந்தே மெட்ரோவில் போய்வரச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட் 1939-இலேயே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: தப்பை யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை, நெருங்கிப் பழகுகிறவர்களிடம் கற்கிறார்கள். அதில் வித்தை பாதி, 'இதெல்லாம் ஒரு தப்பா?' என்கிற சமாதானம் மீதி. ப்ராக்ஸி போட ஐந்து நிமிடத்தில் பழகியிருப்பான். சமாதானம் சொல்லிக்கொள்ளத்தான் ஒரு செமஸ்டர் ஆகியிருக்கும்.

மிச்சத்துக்கு என் கதை. 1978-இல் இதே ஊரில் ஹாஸ்டலில் சேர்ந்தேன். சனிக்கிழமை ராத்திரி எங்கள் மாடியில் ரம். எனக்கு அந்த வாடையே ஆகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் வாங்கி, உதட்டை நனைத்துவிட்டு, காற்று வாங்குகிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே சாய்த்துவிடுவேன். அப்புறம் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பேன். இருபது வருடம் கழித்து கரோல் பாக்கில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் பழைய அறைத்தோழன். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "நான் வாஷ்பேசினில் ஊற்றுவேன்டா." அந்த மாடியில் நிஜமாகக் குடித்தவன் எவன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இது எங்கள் ஹாஸ்டல் கூத்து மட்டுமில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும் இதே கதைதான்: தனக்குக் குடியில் இருக்கும் தயக்கம் மற்றவர்களுக்கு இல்லை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். போதாததற்கு டெல்லியில் மது அருந்தும் வயது 25. கல்லூரிப் பையன்களில் அநேகமாக எல்லோரும் ஒளித்துத்தான் குடிக்க வேண்டும். சேர்ந்து ஒளிக்கிறவர்கள் லேசில் பிரியமாட்டார்கள்.

அதனால் வீட்டுக்கு இழுக்காதீர்கள் அம்மா. வந்தாலும் பகல் முழுக்க அதே கேன்டீனில்தானே இருப்பான்? உங்களிடம் சொல்லும் பொய்தான் கூடும். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனையில், கூட்டமே ஒரு கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொன்னபோது பலர் ஒத்து ஊதினார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்த ஒத்து ஊதல் வெகுவாகக் குறைந்தது. உங்கள் பையனுக்கும் அப்படி ஒருவன் போதும். பழைய மிருதங்கக் கூட்டாளிகளில் யாராவது டெல்லியில் இருந்தால் விசாரியுங்கள். குடி தினசரி ஆகிவிட்டது என்று தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வரச் சொல்லுங்கள். மிருதங்கத்தை மெட்ரோவில் தூக்கிக்கொண்டு வர வெட்கப்பட்டால் ஆட்டோவுக்குக் காசு கொடுங்கள். அவன் கையில் வேண்டாம், ஆட்டோக்காரரிடமே.