பாலைவனச் செடி குத்தினால்: முள்ளா, சுணையா?

அமெரிக்காவில், அரிசோனாவின் டூசான் நகரைச் சுற்றிப் பல வருடமாக நடந்து, நிறையக் குத்துப்பட்டவள் நான். நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

அக்கா, சோயா கள்ளி தாவி வந்து ஒட்டுமாமே?

(பயறு சோயா இல்லை, சோனோரன் பாலைவனத்துக் கள்ளி.) தாவாது. கணுக்கள் அவ்வளவு லேசாகக் கழன்றுவிடும்; சட்டை உரசினாலே ஒரு துண்டு நம்மோடு கிளம்பிவிடும். முள் நுனியை லென்ஸில் பார்த்தால் பின்பக்கம் சாய்ந்த செதில்கள் தெரியும். உள்ளே சுலபமாகப் போகும், வரும்போது சதையையும் இழுக்கும். விழுந்த இடத்தில் அந்தத் துண்டு வேர்விடும். நாயுருவி விதையை வேட்டியில் ஒட்டி அனுப்புகிறது. இது தன் கையையே ஒடித்து அனுப்புகிறது.

பையன் காலில் ஒட்டிக்கொண்டது. கையால் இழுக்கலாமா?

கூடவே கூடாது. முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். கணுக்காலில் இருந்தது விரலுக்கு மாறியது, அவ்வளவுதான். பல் அகன்ற சீப்பைத் தோலுக்கும் துண்டுக்கும் நடுவில் விட்டு, வெளிப்பக்கமாகச் சட்டென்று சுண்டுங்கள். எதிரே யாரும் நிற்க வேண்டாம். மிச்ச முள்ளுக்கு இடுக்கி. தலை வாருகிறேனோ இல்லையோ, என் பையில் சீப்பு இருக்கும்.

சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்தேன். முள்ளே இல்லை, ஆனால் கையெல்லாம் நறநறவென்று குத்துகிறது.

அது சுணை. பழத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் முடியைவிட மெல்லியதாகக் கொத்துக்கொத்தாக இருக்கும். தேய்க்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள். இடுக்கியால் முடிந்தவரை எடுங்கள். அப்புறம் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, மேலே காஸ் துணி வைத்து, காய்ந்ததும் உரியுங்கள்.

கலிபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில் பாறை இடுக்கில் வெளிர்மஞ்சள் பூப் புதர். தொட்டதும் எரிந்தது. படம் அனுப்பியிருக்கிறேன்.

யூக்னிடே யூரன்ஸ். 'யூரன்ஸ்' என்றால் லத்தீனில் எரிப்பது, பெயரிலேயே எச்சரிக்கை. இலை முழுக்கக் கொட்டும் மயிர். இதன் குடும்பமான லோயேசியைச் சேர்ந்த சில செடிகளின் கொட்டுமயிர் நுனி கால்சியம் பாஸ்பேட்டால் இறுகியிருப்பதை 2016-ல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். நம் பல்லுக்கு உறுதி தருவதும் அதே சரக்குதான். ஒட்டும் டேப்பால் மயிரை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நம்ம ஊர் காஞ்சொறி அங்கே உண்டா?

சொந்தக்காரி உண்டு. பெயர் 'மாலா முஹேர்', ஸ்பானிஷில் பொல்லாத பெண். (பெயர் வைத்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும்.) இலையில் வெள்ளைப் புள்ளிகள், அவற்றிலிருந்து கொட்டும் மயிர். இரண்டுமே ஆமணக்குக் குடும்பம்.

நடக்கும்போது சட்டையைப் பிடித்து நிறுத்திய செடி எது?

கேட்கிளா, நம்ம இண்டுக்குப் பங்காளி. முள் பூனை நகம் மாதிரி வளைந்திருக்கும். முன்னால் இழுத்தால் சட்டை கிழியும். ஓரடி பின்னால் வையுங்கள், விட்டுவிடும்.