காபிக்கு முந்தியா, பிந்தியா?

வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளுநர் பதில். இந்த இதழில், வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகள்.

கேள்வி: மாமியாருக்கு வயது 74. விடிந்ததும் தைராய்டு, அப்புறம் கேஸ் மாத்திரை, பிரஷருக்கு டெல்மிசார்டன், சுகருக்கு இருவேளை மெட்ஃபார்மின், மதியம் கால்சியம், இரவு கொலஸ்ட்ரால் மாத்திரை என்று நாளைக்கு ஏழு. ஏழு நாள் டப்பா வாங்கி நானே நிரப்பி வைக்கிறேன். அப்படியும் வாரக் கடைசியில் இரண்டு மூன்று மிஞ்சிக் கிடக்கிறது. ஐந்தரை மணிக்கு டிகிரி காபி குடிக்காமல் அத்தைக்குப் பொழுதே விடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
வாசகி, மன்னார்குடி

பதில்: மறதி என்று அத்தை மேல் பழி போடுவதற்கு முன்னால், எந்த வேளை மாத்திரை மிஞ்சுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மதியத்தது மிஞ்சினால், சாப்பிட்ட கையோடு கண்ணயர்ந்துவிடுகிறார் என்று அர்த்தம். இரவுக்குரியது என்றால், சீரியல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு அப்படியே படுத்துவிடுகிறார். டப்பா அலமாரியில் இருக்கும்வரை இது மாறாது. தட்டு வைக்கும்போதே அந்த வேளை மாத்திரையை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுத் தட்டோரம் வைத்துவிடுங்கள்.

தைராய்டு மாத்திரைதான் காபியோடு சண்டை போடுவது. காபி அது உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. டப்பாவில் கொட்டாமல் அது வந்த பாட்டிலோடே தலைமாட்டில், மூடிய சொம்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் வையுங்கள். நாலரைக்கு ஒருதரம் எழுந்திருப்பவராக இருந்தால் அப்போதே போட்டுக்கொள்ளட்டும். ஐந்தரைக் காபியும் தப்பும். அதுவும் நடக்காது என்றால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால்சியத்துக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், அதனால் கால்சியம் மதியத்தில் இருப்பதே சரி. கேஸ் மாத்திரை இட்லிக்கு அரை மணி முன்னால், மெட்ஃபார்மின் இட்லியோடு அல்லது சாப்பிட்டவுடன். டெல்மிசார்டனுக்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

இனி டப்பா நிரப்புவது. ஒவ்வொரு நாளுக்கும் எல்லா மாத்திரையையும் எடுத்துப் போட்டுக்கொண்டு போனால் நாலாவது நாளில் கை தடுமாறும். ஒரு மாத்திரையை எடுத்து ஏழு நாள் அறையிலும் போட்டு, அந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சீட்டு எதிரில் இருக்க வேண்டும். நிரப்புகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும். நீங்கள் பாதி, கணவர் பாதி என்றால் ஏதோ ஒன்று இரட்டிப்பாகும்.

டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும் ஜாதி. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டால் ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் பொதபொதத்துவிடும். போடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி அட்டையோடு டப்பாவில் வைப்பவர்கள் உண்டு. பார்வை மங்கியவர்கள் அந்தத் துண்டை அப்படியே விழுங்கி, கூரான முனை உணவுக்குழாயைக் கிழித்த கதைகள் மருத்துவத்தில் புதிதல்ல. அதனால் முழு அட்டையையும் தனி உறையில் வைத்து, காலையில் நீங்களே பிரித்துக் கையில் கொடுங்கள். எந்த அட்டையாக இருந்தாலும், பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனையைக் கடைசியாகத்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வி: அப்பா கும்பகோணத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் பிரஷருக்கு மாத்திரை வாங்குகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலமும் வீட்டுக்கு மாத்திரை வருகிறது. இரண்டும் நிறம் வேறு, பெயர் வேறு. கொஞ்ச நாளாக எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார்.
வாசகர், பாபநாசம்

பதில்: நிறத்தையும் கம்பெனி வைத்த பெயரையும் விடுங்கள். அட்டையில் அதோடு சேர்த்து அச்சிட்டிருக்கும் மருந்தின் உண்மைப் பெயரைப் பாருங்கள். இரண்டிலும் ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்று இருந்தால் அப்பா நாளைக்கு 10 மில்லிகிராம் போடுகிறார். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து சேர்ந்ததும் வருகிறது, அதையும் கவனியுங்கள்.

வீட்டில் உள்ள அத்தனை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, இன்றைக்கே பிரஷர் பார்த்துவிட்டு, இரண்டில் ஒரு டாக்டரிடம் காட்டி எதை நிறுத்துவது என்று கேளுங்கள். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். அதுவரை அப்பா படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும்.

வயல் வேலை முடிந்து உடம்புவலிக்கு என்று கடையில் பேப்பரில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரை வாங்கும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிலுள்ள வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் படுத்தும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் சுகர் எகிறும்.

கேள்வி: பெரியம்மா ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி. சுகர் மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுவிடுகிறார். போன தடவை வேர்த்து விறுவிறுத்துச் சாய்ந்துவிட்டார்.
வாசகி, திருவாரூர்

பதில்: அவர் போடுவது கிளிமிபிரைடாக இருக்கக்கூடும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். விரத நாளில் எதை விடுவது, எதைப் போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, காலண்டரில் ஏகாதசித் தேதிகளுக்கு நேராக ஒட்டிவிடுங்கள்.

வேர்வை, கை நடுக்கம், உளறல் தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணியில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் விரதத்தை முடித்து ஏதாவது சாப்பிட வையுங்கள், ஏனென்றால் இந்த மாத்திரையின் வேலை பல மணி நேரம் ஓடும், வயதானவர்களுக்குச் சுகர் திரும்பவும் இறங்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: புயல் வந்தால் கரண்ட் போய்விடுகிறது. மாமாவின் இன்சுலினை எங்கே வைப்பது?
வாசகர், வேதாரண்யம்

பதில்: 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் பக்கம் பல ஊர்களில் எத்தனை நாள் இருட்டு என்று உங்களுக்கே தெரியும். உபயோகத்தில் இருக்கும் குப்பிக்குப் பிரிட்ஜ் கட்டாயமில்லை. 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகள் நாலு வாரம் தாங்கும். திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள். பிரிக்காததற்குத்தான் 2 முதல் 8 டிகிரி.

பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னக் கலயம், கலயத்துக்குள் பாலிதீன் உறையில் கட்டிய குப்பி. காற்றாடும் நிழலில் வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். சித்திரை வெயிலில் இது நன்றாகக் குளிரும். அடைமழையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெக்கையும் இராது. ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், ஒருதரம் உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். தெளிந்த வகை கலங்கினாலும், பால் போன்ற வகையை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் திரிதிரியாக நின்றாலும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: தாத்தாவால் விழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் பொடித்துத் தயிர்சாதத்தில் பிசைந்து ஊட்டுகிறோம். சரிதானா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் இருப்பதைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்கச் சிறுகச் சிறுக இறங்க வேண்டியது மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பாண்டோபிரசோல் மாதிரி பூச்சுள்ளதைப் பொடித்தால் வயிற்று அமிலத்திலேயே வீணாகும். மற்றவற்றைக் கடையில் கேட்டுக்கொண்டு பொடிக்கலாம், ஆனால் தட்டுச் சோற்றில் கலக்காதீர்கள். தாத்தா பாதியில் எழுந்தால் மருந்தும் பாதி. மசித்த பூவன் பழம் ஒரு ஸ்பூன் போதும். நிமிர்ந்து உட்கார வைத்து, முதலில் ஒரு வாய் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரை டம்ளர் தண்ணீர். தண்ணீருக்கே புரையேறினால் மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரவு போட மறந்ததைக் காலையில் சேர்த்து இரண்டாகப் போடலாமா?
வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடாது. விட்டது விட்டதுதான். போட்டோமா இல்லையா என்றே சந்தேகம் வந்தால் டப்பா அறையைப் பாருங்கள். டப்பா இல்லாத வீட்டில் அட்டையை எண்ணுங்கள். ஒன்றாம் தேதி முப்பதோடு ஆரம்பித்து தினம் ஒன்று போட்டிருந்தால், பத்தாம் தேதி ராத்திரி இருபது இருக்க வேண்டும்.