பாய்மரத்துக்குள் சுருளும் மெயின் பாய் உள்ள பழைய படகை வாங்கலாமா?

கிரீஸில் விற்பனைக்கு வந்துள்ள 15 ஆண்டுப் பழைய, 38 அடி நீளமுள்ள பாய்ப்படகு ஒன்றைப் பார்த்திருப்பதாகவும், அதன் மெயின் பாய், அதாவது பெரிய முதன்மைப் பாய், பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் வகையாக இருப்பதால் தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மட்டுமே ஓட்டப்போகும் படகுக்கு இந்த அமைப்பை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சுருட்டும் கருவியைவிடப் பாய்த்துணியைத்தான் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டும்.

ஏஜியன் கடலில் கோடையில் வீசும் மெல்டெமி என்னும் வடகாற்று, வானம் தெளிந்திருக்கும்போதே, காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 7, 8 வரை ஏறிவிடும். அந்த நேரத்தில் யாரும் மேல்தளத்துக்குப் போகாமல், படகை ஓட்டுபவர் இருக்கும் குழிவான இடமான காக்பிட்டில் உட்கார்ந்தபடியே வேண்டிய அளவுக்குப் பாயைக் குறைக்க முடிவது உண்மையான பாதுகாப்பு. அதற்கு விலையும் உண்டு. பாயை விறைப்பாக வைக்கும் பேட்டன் என்னும் பட்டைக் குச்சிகள் கிடைமட்டமாக இருந்தால் சுருட்ட முடியாது என்பதால் பாயின் பின்விளிம்பை உட்குழிவாக வெட்டுகிறார்கள். பரப்பு குறைந்து, மென்காற்றில் படகு மந்தப்படும். செங்குத்துப் பேட்டன்கள் இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டினாலும், அவை சிக்கலுக்கும் இடம் கொடுக்கும். சாதாரணப் பாயைக் குறைக்கும்போது துணியின் எடை, பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கிடைக்கம்பமான பூமுக்கு இறங்கிவிடும். இதில் அந்த எடை முழுவதும் மரத்தின் உயரத்திலேயே நின்று படகைக் கூடுதலாக ஆட்டும். எதிர்காற்றில் நெடுந்தூரம் போக நினைப்பவருக்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து.

பாய் சிக்கிக்கொள்ளுமோ என்ற அச்சம் நியாயமானது. பாதியில் சிக்கினால் உள்ளே இழுக்கவும் முடியாது, கீழே இறக்கவும் முடியாது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் காரணம் தொய்ந்துபோன பாயும் சுருட்டும் முறையுமே. பழைய டேக்ரான் (பாலியெஸ்டர்) துணி நடுவில் பைபோல் தொங்கிவிட்டால், சுருளும்போது மடிப்பு விழுந்து தடித்து, பாய் வந்துபோக மரத்தில் விட்டிருக்கும் பிளவில் கவ்விக்கொள்ளும்.

ஆகவே காற்றில்லாத காலையில், துறையிலேயே பாயை முழுவதும் விரிக்கச் சொல்லுங்கள். நடுப்பகுதியில் கையை வைத்து அழுத்தினால் துணி விறைப்பாக எதிர்க்கிறதா, பழைய வேட்டிபோல் துவள்கிறதா என்பது உடனே தெரியும். பின்விளிம்பில் வெயில் படும் பட்டையின் தையல் நகத்தால் நெருடினாலே விடுகிறதா என்றும், பிளவின் ஓரத்தில் விரல் எட்டும் உயரம் வரை பிசிறு உள்ளதா என்றும் பாருங்கள். பிறகு பாயை இறக்கச் செய்து, மரத்துக்குள் பாய் சுருளும் சுழல்தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ தடையோ இருந்தால் அது சுழலும் தாங்கியை (பேரிங்) படகைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஆராயட்டும்.

அடுத்து, நல்ல காற்றில் கடலுக்குக் கொண்டுபோய்ப் பலமுறை சுருட்டி விரிக்கச் சொல்லுங்கள். சரியான முறையில் படகைக் காற்றுக்கு முகம் காட்டி, வளைந்த மரம் நிமிரும்படி அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியைத் தளர்த்தி, பூமைச் சரியான கோணத்தில் நிறுத்தி, பாயை வெளியே இழுக்கும் கயிற்றில் சிறிது இழுவிசையை விடாமல் வைத்துக்கொண்டு சுருட்டுவார்கள். இப்படிச் செய்தும் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சை முழு பலத்தோடு திருக வேண்டியிருந்தால் பாயின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். வாடகைக்கு ஓடிய படகு என்றால் இது இன்னும் வாய்ப்புள்ளது. புதுப் பாய்க்கு ஒரு பாய் தைப்பவரிடம் எழுத்தில் விலை வாங்கி, அந்தத் தொகையைப் படகின் விலையில் கழித்துக் கேளுங்கள்.