ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வுக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. எலிகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டாக்கும் கட்டிகளை ஆராயும் இடத்தில் மகளுக்கு முனைவர் பட்ட வாய்ப்பு வந்திருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அதை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடைகளை வீட்டில் துவைத்தவர்களுக்கும் மீசோதீலியோமா என்ற, நுரையீரலையும் வயிற்றையும் சூழ்ந்த சவ்வில் வரும் புற்றுநோய் வந்திருக்கிறது.

ஆகவே, சேர்வதற்கு முன் மகளே நேரில் போய்க் கேட்கட்டும். உலர்ந்த ஆஸ்பெஸ்டாஸ் இழைகளை எடை போடுவது மூடிய பெட்டிக்குள்ளா, திறந்த மேசையிலா? முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த சுவாசக் கவசம் உண்டா? கூண்டுக் கழிவை எப்படி அகற்றுகிறார்கள்? அங்கே உடுத்தியது அங்கேயே தங்குமா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

பதில் திருப்தி என்றால், அந்தப் படிப்பு ஆழமானது. மனிதருக்கு இழை உள்ளே போய் நோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும். எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தான். முதல் இழையிலிருந்து கட்டி வரை ஒரு மாணவியால் பின்தொடர முடியும். நீண்ட இழையை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல், மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திணறி, வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. நீல ஆஸ்பெஸ்டாஸ் என்ற வகையில் உள்ள இரும்பு அந்தச் சேதத்தைப் பெருக்குகிறது. டிஎன்ஏ ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அழற்சி அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறது. செல் பிரிவதற்குக் கடிவாளமாக இருக்கும் சிடிகேஎன்2ஏ மரபணு எலிக் கட்டிகளில் அழிந்துபோயிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மனிதக் கட்டிகள் பலவற்றிலும் அதே இழப்புதான். எலியில் காண்பது நோயாளிக்கு உதவும் என்று நம்ப இது வலுவான காரணம்.

நுரையீரல் திசுவில் சிக்கிய இழைமேல் உடல் இரும்புப் புரதத்தைப் பூசிவிடும். நுண்ணோக்கியில் அது பொன்பழுப்பாய், இரு முனையும் தடித்த சிறு கோலாகத் தெரியும். இரும்பைக் காட்டிக்கொடுக்கும் பிரஷ்யன் நீலச் சாயம் இட்டால் நீலமாகிவிடும். அதைப் பார்த்ததும் 'இந்த இரும்பு எங்கிருந்து வந்தது?' என்று கேட்கிற பிள்ளை என்றால் இந்தத் துறை அவரைக் கைவிடாது. மருந்துப் பாதுகாப்புச் சோதனை, நச்சியல், தொழில்சார் நலம் என்று வேலைக்கு வழிகள் உண்டு.

எனக்குள்ள கவலை வேறு. எலிகளைத் தவறாமல் எடை போட வேண்டும். எடை குறைந்து, ரோமம் சிலிர்த்து, ஒன்று மூலையில் ஒடுங்கினால், வேதனை நீளாமல் அதன் உயிரை முடிக்க வேண்டியிருக்கும். அது தன்னால் முடியுமா என்று மகள்தான் சொல்ல வேண்டும். முடியாது என்பதில் வெட்கமில்லை. இதே கேள்விகளை, விலங்குகளில் அல்லாமல் கிண்ணத்தில் வளர்க்கும் செல்களில் ஆராயும் ஆய்வகங்களும் இருக்கின்றன. கையெழுத்திடும் முன் ஒருநாள் விலங்குக் கூடத்தில் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அன்று மாலை அவரிடம் நீங்கள் எதுவும் சொல்லாமல், அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.