பயணக் கேள்வி-பதில்: தோழிகளோடு எந்தத் தீவில் கூடுவது?

கேள்வி: வேலையை விட்டுவிட்டு, ஹனோயில் தொடங்கி வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூர் வரை பேருந்திலும் ரயிலிலுமாகச் செல்லவிருக்கிறேன். தங்குவது, உண்பது, போக்குவரத்து எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 2,000 ரூபாய்க்குள் முடிப்பதாகத் திட்டம். கல்லூரித் தோழிகள் மூவர் ஜனவரியில் ஐந்து நாள் விடுப்பில் சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, வழியில் ஏதாவது ஒரு தீவில் என்னைச் சந்திப்பதாகச் சொல்கிறார்கள். தாய்லாந்தின் கோ சமுயி அல்லது மலேசியாவின் லங்காவி என்பது அவர்கள் விருப்பம். ஐந்து நாளில் என் ஒரு மாதப் பணம் கரைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். வர வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக வரச் சொல்லுங்கள்; தீவை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். சம்பளத்தில் இருப்பவர்களும் சேமிப்பை எண்ணி எண்ணிச் செலவழிப்பவரும் ஒன்றாகச் சுற்றும்போது, மலிவாகக் கிடைப்பதே மிகச் சிறந்ததாகவும் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்தால், யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக நினைக்க வேண்டியிருக்காது. கோ சமுயியும் லங்காவியும் அப்படிப்பட்ட ஊர்கள் அல்ல. சமுயியின் விமான நிலையம் ஒரு தனியார் விமான நிறுவனத்துக்குச் சொந்தமானது. அங்கே செல்லும் விமானக் கட்டணம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். உங்கள் தோழிகள் வழியில் விமானம் மாற வேண்டும். நீங்களோ சூரத் தானி வரை ரயில், அங்கிருந்து படகுத்துறைக்குப் பேருந்து, பிறகு படகு என்று மூன்று முறை மாற வேண்டும். ஐந்து நாள் விடுப்பில் போக வர இரண்டு நாள் இப்படியே போய்விடும். லங்காவியில் ஜனவரி மாதம் வறண்ட, தெளிவான வானிலைதான், மறுக்கவில்லை. ஆனால் தீவுக்குள் பொதுப் பேருந்தை நம்பி எங்கும் செல்ல முடியாது. வாடகைக் கார், படகுச் சுற்றுலா, கேபிள் கார் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் எடுக்க வேண்டும். அங்கே "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று தினம் ஒருமுறையாவது சொல்ல நேரும்.

என் பரிந்துரை மலேசியாவின் பினாங்குத் தீவு. விமான நிலையம் தீவிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து நேரடி விமானச் சேவையும் 2024 டிசம்பரில் தொடங்கியது. 1985-இல் திறக்கப்பட்ட பாலம் தீவை நிலப்பகுதியோடு இணைப்பதால், கடைசிப் படகு போய்விட்டதே என்று கரையில் நிற்கும் கவலை யாருக்கும் இல்லை. தங்குவதற்கு, தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவையும் அதை ஒட்டிய லவ் லேனையும் பாருங்கள். அங்கே டார்மிட்டரிப் படுக்கையும், பழைய கடைவீடுகளைப் புதுப்பித்த நல்ல விடுதிகளும் அடுத்தடுத்த கதவுகளில் இருப்பதால், தோழிகள் வசதியாக அறை எடுத்துக்கொண்டாலும் நீங்கள் உங்கள் கணக்குக்குள் தங்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பினாங்கு உங்களைக் காப்பாற்றும். அவ்வூரின் பெயர்பெற்ற உணவுகள் தெருவோரக் கடைகளிலும் திறந்தவெளி உணவுக் கூடங்களிலும்தான் கிடைக்கின்றன. உள்ளூர்ச் செல்வந்தர்களும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில்தான் அமர்கிறார்கள். நாசி கண்டார் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் முஸ்லிம்கள் ஒருகாலத்தில் காவடி போலத் தோளில் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு அது. இன்றைக்கும் பரிமாறுபவர் சோற்றின் மேல் ஒரு குழம்பை ஊற்றி, அதன் மேலேயே இன்னொன்று, அதன் மேலேயே மற்றொன்று என்று தட்டு நனையும்வரை ஊற்றுவார். நீங்கள் கைகாட்டும் துணைக்கறியைப் பொறுத்தே விலை என்பதால், பெரிய இறாலையும் மீன் சினையையும் காட்டுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். சைவர்களுக்கு மார்க்கெட் தெருப் பக்கம் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு.

சுற்றிப் பார்க்கவும் பெரிய செலவில்லை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்க்கப்பட்ட ஜார்ஜ் டவுனில், 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833-ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் ஒரே காலை நடையில் அடங்கிவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தோழிகளிடம் சொல்லிவிடுங்கள்: நீலக் கண்ணாடி போன்ற கடலை எதிர்பார்த்து வந்தால் பத்து ஃபெரிங்கி கடற்கரை ஏமாற்றும். காட்டுப்பாதையில் நடக்கத் தயார் என்றால், 101-ஆம் எண் பேருந்தில் தெலுக் பஹாங் சென்று, தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரை வரை நடக்கலாம். அங்கே ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன.

கேள்வி: என் தம்பி பாங்காக்கிலிருந்து தரைவழியாக வந்து எங்களைப் பினாங்கில் சந்திக்க வேண்டும். எங்களுக்கோ விடுப்பு நாள்கள் குறைவு. அவன் தாமதமானால் என்ன செய்வது?
- வாசகர், மதுரை

பதில்: நீங்கள் இறங்கும் நாளில் அவரும் வந்து சேரட்டும் என்று திட்டமிடாதீர்கள். நாள்கள் கைவசம் அதிகம் உள்ளவர் அவர்தான் என்பதால், இரண்டு நாள் முன்பே வந்து அவர் காத்திருப்பதே நியாயம். அவருக்குத் துணி துவைக்கவும் தூங்கவும் அந்த இரண்டு நாள் தேவைப்படும். பாங்காக்கிலிருந்து பிற்பகலில் புறப்படும் இரவு ரயில் மறுநாள் காலை எல்லை நிலையமான பாடாங் பெசாருக்கு வந்து சேரும். முன்போல அந்த ரயில், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வரை செல்வதில்லை. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்தில் முடிந்துவிடும். அங்கேயே மலேசிய கொம்யூட்டர் ரயிலுக்குச் சீட்டு வாங்கிப் பட்டர்வொர்த் வந்தால், நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்தைவிட ஒரு மணி முந்தியது என்பதைத் தம்பிக்கு நினைவூட்டுங்கள். அடுத்த ரயிலைக் கண்ணெதிரே தவறவிடுபவர்களில் பாதிப்பேர் கைக்கடிகாரத்தை மாற்றி வைக்காதவர்கள் என்பது என் சந்தேகம். படுக்கைச் சீட்டு கிடைக்காவிட்டால் ஹாட் யாய் வரை வேறு ரயிலிலோ பேருந்திலோ வந்து, அங்கிருந்து பினாங்கு செல்லும் வேனைப் பிடிக்கலாம். மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையவழி வருகை அட்டையை அனைவரும் நிரப்ப வேண்டும்.

கேள்வி: நால்வர் சேர்ந்து தங்கும்போது செலவை எப்படிப் பங்கிடுவது? கடைசியில் மனக்கசப்புதான் மிஞ்சுகிறது.
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எல்லாவற்றையும் நான்கால் வகுப்பதுதான் கசப்புக்குக் காரணம். பேருந்து, டாக்சி, எல்லோரும் பகிர்ந்துண்ணும் சாப்பாடு ஆகியவற்றுக்கு மட்டும் பொதுப்பணம் வைத்து, அதை நால்வரில் கையிருப்பு குறைந்தவரிடமே கொடுத்துவிடுங்கள். செலவின் வேகத்தை அவரே தீர்மானிப்பார். பொருள் வாங்குவதும் மசாஜும் அவரவர் கணக்கு. மலேசியாவில் வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். அது ஆளுக்கல்ல, அறைக்கு என்பதால், ஓர் அறையில் சேர்ந்து தங்கினால் அதுவும் பகிர்ந்துபோகும்.

கேள்வி: தைப்பூசத்தின்போது பினாங்கில் கூடலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கூடலாம். வெள்ளி இரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைபடுவதையும், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடிகள் ஏறுவதையும் காண அதைவிட நல்ல சமயம் இல்லை. ஆனால் அறைகள் வெகு முன்பே நிரம்பிவிடும், இரத ஊர்வலப் பாதையில் பேருந்துகள் திருப்பிவிடப்படும். சீனப் புத்தாண்டும் அதை ஒட்டியே வரும் ஆண்டுகளில் பல உணவுக் கடைகள் சில நாள் மூடிக்கிடக்கும். ரயில்களில் இடமும் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி இருந்தால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.